பத்தே கால் வெயிலும் எதிர்வீட்டு வெள்ளைச் சுவரும்

பெண் காரிலிருந்து இறங்கும்போது மணி பத்தே கால். கல்யாணத்துக்கு முந்தின ஜோடிப் படம் எடுக்க நான் ஆறு மணியிலிருந்து தரங்கம்பாடியில் நிற்கிறேன். மார்கழி முதல் வாரம். 6.24-க்குக் கடலுக்கு மேலே சூரியன் வந்தது. கோட்டைக்கு முன்னால் இருக்கும் திடல் மஞ்சளானது. கிங் ஸ்ட்ரீட்டின் நீளத்துக்கும் வெளிச்சம் பாய் விரித்தது. அந்த வெளிச்சமெல்லாம் டீ கிளாஸோடு நின்ற என் உதவியாளப் பையன் மேல் வீணாக விழுந்து முடிந்தது.

"பார்லர்ல லேட் ஆயிடுச்சுண்ணா" என்றாள் பெண். குரலில் அழுகை முட்டிக்கொண்டு நின்றது. மாப்பிள்ளை மட்டும் முன்னாலேயே வந்து, சட்டை கசங்கிவிடும் என்று இரண்டு மணி நேரமாக உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். துணைக்கு வந்த சித்தி, "மார்கழி வெயில்தானே தம்பி, சுடாது, எடுங்க" என்றார்.

சுடாதுதான். ஆனால் சூரியன் பாதி வானத்துக்கு ஏறிவிட்டது. அந்த வெயிலில் ஒருவரை நிறுத்திப் பாருங்கள்: கண் இரண்டும் குழிக்குள் போய்விடும், மூக்கின் நிழல் மீசை மாதிரி உதட்டின் மேல் விழும், நெற்றியும் மூக்கு நுனியும் மட்டும் பளபளக்கும். கல்யாணத்துக்கு ஒரு மாதமே இருக்கும் பெண்ணை அப்படிக் காட்டினால் அவள் வாழ்நாளுக்கும் என்னைத் திட்டுவாள்.

இதில் பார்லர்காரரைக் குறை சொல்ல மாட்டேன். தப்பு என்னுடையது. "காலையில சீக்கிரம் வந்துடுங்க" என்று சொல்லியிருந்தேனே தவிர, 6.20-க்கு கேமரா முன்னால் நிற்க வேண்டும், அதற்கு மேக்கப் மூன்றரைக்கு ஆரம்பிக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்லவில்லை. மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி வர எப்படியும் முக்கால் மணி நேரம். 'சீக்கிரம்' என்பதற்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு அர்த்தம். அன்றிலிருந்து நான் நேரத்தை எண்ணாகத்தான் சொல்கிறேன், அதுவும் பெண்ணிடம், பெண்ணின் அம்மாவிடம், மேக்கப் போடுபவரிடம் என்று மூன்று பேரிடமும் தனித்தனியாக.

என்னைப் பற்றிக் கொஞ்சம். பதினாறு வயதில் கல்யாண மண்டபங்களில் வீடியோ லைட் தூக்கியவன் நான். ஆயிரம் வாட் ஹாலஜன் விளக்கைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, ஒயரைக் காலால் தள்ளிக்கொண்டே வீடியோகாரருக்குப் பின்னால் ஓட வேண்டும். ஓமப் புகை ஒரு பக்கம், விளக்குச் சூடு ஒரு பக்கம். "தம்பி, லைட்டைக் கொஞ்சம் தள்ளிப் பிடிப்பா, மந்திரமே மறந்துபோகுது" என்று ஐயர்கள் கெஞ்சியிருக்கிறார்கள். ஆனால் வெளிச்சத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அந்தக் கை வலியில் கற்றதுதான். விளக்கைத் தாழ்த்தினால் மாப்பிள்ளை பேய் மாதிரி தெரிவார். நேரே பிடித்தால் முகம் தோசைக்கல் மாதிரி தட்டையாகிவிடும். பக்கத்தில் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தால்தான் முகத்துக்கு மூக்கும் கன்னமும் கிடைக்கும். சூரியனும் ஒரு வீடியோ லைட்தான். என்ன, தூக்குகிற பையன் நம் பேச்சைக் கேட்க மாட்டான், அவன் போகிற வழியில் நாம்தான் போய் நிற்க வேண்டும்.

இணையத்தில் பாடம் நடத்தும் வெள்ளைக்காரர்கள் சூரியன் தாழ்வாக இருக்கும் பொன் வெளிச்ச நேரத்தை 'கோல்டன் ஹவர்' என்று சொல்லி ஒரு மணி நேரத்துக்கு மேல் நிதானமாக எடுப்பதைப் பார்த்து நான் ஏமாந்திருக்கிறேன். அவர்கள் ஊரில் சூரியன் சாய்வாக, சறுக்குமரத்தில் ஏறுகிற மாதிரி மெதுவாக ஏறும். நாம் இருப்பது பூமத்திய ரேகைக்குப் பதினோரு டிகிரி வடக்கே. இங்கே அது கிட்டத்தட்ட நேர் ஏணியில் ஏறுகிறது, மணிக்குப் பதினைந்து டிகிரிக்குச் சற்றுத்தான் குறைவு. 6.24-க்கு உதித்தால் ஏழு மணிக்கு ஏழு டிகிரி, ஏழரைக்குப் பதினான்கு. என் கணக்கில் அதற்குள் வேலை முடிந்துவிட வேண்டும். நாற்பது நிமிஷம், சில நாள் ஐம்பது. அதில் புடவை மாற்றக் கால் மணி நேரம் என்றால் என்ன மிச்சம்?

மார்கழி மட்டும் கொஞ்சம் கருணை காட்டும். டெல்டாவில் பனி இறங்கினால் எட்டு மணிவரைகூட வெளிச்சம் மஸ்லின் துணியில் வடிகட்டியது மாதிரி வரும். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும், எங்களுக்கும் கை ஓய்வு. தையில் கல்யாணம் வைத்திருக்கிறவர்களை அந்த ஓய்வில்தான் எடுப்போம். இன்னொரு ஓய்வு மாதம் ஆடி. ஆற்றில் புதுத் தண்ணீர் ஓடும், படத்துக்கு அழகுதான், ஆனால் ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது முந்தானை எம்மாத்திரம்? ஆடியில் எடுப்பதென்றால் தலையைத் தளரவிடாமல் பின்னச் சொல்லுங்கள், முந்தானையைப் பின் குத்தச் சொல்லுங்கள், காற்றுக்கு முகம் கொடுத்து நிறுத்துங்கள். முதுகு கொடுத்தால் முடி முழுக்க முகத்தில்தான்.

சித்திரை பக்கமே போகாதீர்கள். எங்கள் பக்கத்தில் ஏப்ரல் பதினெட்டு, பத்தொன்பதையொட்டி உச்சிவேளையில் சூரியன் நேர் தலைக்கு மேலே வரும். நிழலில்லா நாள் என்று அறிவியல் இயக்கத்தார் பள்ளிப் பிள்ளைகளுக்குக் குச்சி நட்டுக் காட்டுவார்கள். குச்சிக்கு நிழல் இல்லை, சரி. முகத்தில் இருக்கிற நிழலெல்லாம் கண்ணுக்குக் கீழே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அன்றைய கதைக்கு வருகிறேன். பத்தே கால் மணிக்கு நான் செய்தது ஒன்றுதான்: கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு, உள்ளங்கையை முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தேன். இது யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம். உள்ளங்கையைப் பார்த்தபடியே மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். ரேகைகள் கன்னங்கரேலென்று வெட்டிக்கொண்டு தெரிந்தால் அங்கே முகமும் அப்படித்தான் இருக்கும். ரேகைகள் மெத்தென்று அடங்குகிற இடத்தில் நில்லுங்கள். பார்க்கிறவர்கள் இந்த ஆள் ஜோசியம் பார்க்கிறானோ என்று நினைப்பார்கள், பரவாயில்லை.

கிங் ஸ்ட்ரீட் மேற்கே 1792-இல் கட்டிய நுழைவாயிலில் தொடங்கிக் கிழக்கே கடலைப் பார்த்துப் போகும் தெரு. டென்மார்க்காரர்கள் 1620-இல் கோட்டை கட்டி, 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போகும்வரை அவர்களுடைய முக்கியமான தெரு அது. படம் எடுக்கிறவனுக்கு இந்த வரலாற்றைவிட முக்கியமானது அது கிழக்கு மேற்காக ஓடுவதுதான். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். அதனால் தெருவின் வடக்குச் சிறகு வீடுகளின் முகப்பில் வெயில் அறையும், தெற்குச் சிறகு வீடுகளின் வாசல் பக்கம் நிழலில் இருக்கும். தெற்குச் சிறகில் தூண் வைத்த திண்ணை ஒன்று. எதிரே வெள்ளையடித்த நீளமான சுவர், முழு வெயிலில். அந்தத் திண்ணை விளிம்பில் கையை நீட்டினேன். ரேகையே தெரியவில்லை.

இருபது அடி அகலத்துக்கு ஒரு சுவர், ஆயிரம் விளக்கு பிடித்தாலும் கிடைக்காத மெத்தென்ற வெளிச்சத்தைத் திண்ணைக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. பத்தரை மணிக்கு! திண்ணையில் பாக்கு நறுக்கிக்கொண்டிருந்த பாட்டியிடம் கேட்டோம். "உக்காருங்களேன், திண்ணை எதுக்கு இருக்கு" என்றார். (ஆனியில் இதே தெருவுக்கு வந்தால் கதை தலைகீழ். சூரியன் வடக்கே போயிருக்கும், தெற்குச் சிறகு வெயிலுக்கு வந்துவிடும். இடத்தை நினைவில் வைத்துக்கொண்டால் போதாது, மாதத்தையும் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.)

திண்ணையில் உட்கார்த்திவைக்கும்போது பலர் செய்யும் தவறு, ஆளை உள்ளே சுவரோரமாகத் தள்ளுவது. இரண்டு அடி உள்ளே போனாலே முகம் மங்கி, கூரையின் நிழல் நெற்றியில் இறங்கிவிடும். நிழலின் விளிம்புக்குக் கொண்டுவாருங்கள், கால் கட்டைவிரலுக்கு அரை அடி முன்னால் வெயில் கோடு இருக்கட்டும். பின்னால் வீட்டு நடை இருட்டாக இருக்கும். அந்த இருட்டு முகத்தை முன்னால் தள்ளிக் கொடுக்கும்.

அங்கேதான் இன்னொரு சிக்கல் வெளிச்சத்துக்கு வந்தது. பெண் நல்ல கறுப்பு. பார்லரில் அவள் நிறத்துக்கு இரண்டு படி மேலே பவுண்டேஷன் பூசியிருந்தார்கள். மண்டபத்து விளக்கில் எப்படியோ, பகல் வெளிச்சத்தில் முகம் ஒரு நிறம், காது ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், கை வேறு நிறம். சித்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, கொஞ்சம் கலரா காமிச்சிடுங்க, மாப்பிள்ளை வீட்டுல நாலு பேர் பாப்பாங்க" என்றார். கெட்ட எண்ணம் இல்லை. அந்தப் பயம் அவருக்கே அவர் கல்யாணத்தில் வந்திருக்கும்.

நான் பெண்ணிடமே கேட்டேன்: "உனக்கு இது பிடிச்சிருக்காம்மா?" அவள் எதுவும் சொல்லவில்லை. மாப்பிள்ளைதான், "பொண்ணு பாக்க வந்தப்போ இருந்த மாதிரியே இருந்தா நல்லா இருக்கும்" என்றார், தூணைப் பார்த்தபடி. அவள் அதற்குப் பாட்டியிடம் தண்ணீர் வாங்கி, கொல்லைப்புறம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டாள். மூவாயிரமோ நாலாயிரமோ, அம்மி மேல் வழிந்து போனது. சித்தி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கழுவிய முகத்தில் பவுடர்கூட இல்லை. கண்ணுக்கு மை, ஒரு பொட்டு. திண்ணை விளிம்பில் உட்கார்ந்து எதிர்ச் சுவர் பக்கம் லேசாகத் திரும்பினாள். கன்ன எலும்பு மேல் ஒரு மினுமினுப்பு ஓடியது. எண்ணெய்க்காப்பு சாத்திய அம்மன் கருங்கல்லில் ஒரே ஒரு தூண்டாமணி விளக்கு வெளிச்சம் விழுவதைப் பார்த்திருப்பீர்கள், அந்த மினுமினுப்பு. கறுப்புத் தோல் வெளிச்சத்தைத் தாங்கிக்கொண்டு ஓரங்களில் திருப்பிக் கொடுக்கும். அதற்கு வெளிச்சம் பெரிதாகவும் பக்கவாட்டிலும் வர வேண்டும். நேரே முகத்தில் அடித்தால் அந்த மினுமினுப்பு எண்ணெய் வழிகிற மாதிரி ஆகிவிடும்.

கேமராவை இங்கே நம்பக் கூடாது. அதற்குத் தோலும் தெரியாது, சுண்ணாம்பும் தெரியாது. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நினைத்தே கணக்குப் போடும். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி கட்டிய மாப்பிள்ளை பக்கத்தில் இருந்தால் 'ஐயோ, வெளிச்சம் ஜாஸ்தி' என்று அது குறைத்துவிடும். பெண் முகம் கரிக்கட்டையாகும். அப்புறம் கம்ப்யூட்டரில் முகத்தை ஏற்றுவார்கள், சாம்பல் பூத்த மாதிரி ஒரு நிறம் வரும். கறுப்பானவர்கள் போட்டோவில் நன்றாக விழ மாட்டார்கள் என்ற பேச்சுக்குப் பாதிக் காரணம் இந்தக் கணக்குதான். நான் கேமராவின் தானியங்கிக் கணக்கை நிறுத்தி மேனுவலில் வைத்து, அவள் கன்னத்தைப் பார்த்து வெளிச்சத்தை ஏற்றிக்கொண்டே போவேன். மாப்பிள்ளை சட்டையில் மடிப்பு தெரிகிறவரை ஏற்றலாம். மடிப்பு மறைந்து வெள்ளைக் காகிதமானால் ஒரு படி இறக்க வேண்டும். அதற்கு நடுவில் அவள் முகத்துக்கு எப்படியும் ஓர் இடம் இருக்கும். பின்னால் இருட்டு நடை நிறைய வந்தால் கேமரா எதிர்ப் பக்கமாகத் தப்புச் செய்யும், முகத்தை வெளிற அடிக்கும். அப்போது இறக்க வேண்டும். கேமரா கைவைக்காமல் அப்படியே பதிகிற ரா ஃபைலில் எடுத்தால் கொஞ்சம் தவறைத் திருத்தலாம், ஆனால் சட்டையில் எரிந்துபோன வெள்ளையைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

நிறச் சமநிலையையும் ஆட்டோவில் விடாதீர்கள். சாயங்கால மஞ்சளை 'குறை' என்று நினைத்து அது கழுவி வைத்துவிடும். பகல் வெளிச்சத்துக்கான அளவு, 5500 கெல்வின் பக்கத்தில் ஒன்றை வைத்துவிட்டு அதை மறந்துவிடுவேன். எல்லாப் படமும் ஒரே குடும்பம் மாதிரி இருக்கும்.

எதிர்ச் சுவர் இல்லாத இடத்தில் என்ன செய்வது? என் பையில் எப்போதும் ஒரு நாலு முழ வேட்டி இருக்கும், கரை இல்லாதது. இரண்டு பேர் விரித்துப் பிடித்தால் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் நல்ல ரிஃப்ளெக்டர். முன்பு தெர்மாகோல் அட்டை வைத்திருந்தேன், கடற்கரைக் காற்றில் அது தனியாக ஊர் சுற்றப் போய்விடும். வெள்ளிப் பூச்சு ரிஃப்ளெக்டரைப் பெண் முகத்துக்கு நான் பிடிப்பதில்லை, கண் கூசி நீர் வழியும். கூசுகிறவர்களுக்கு ஒரு உபாயம்: "கண்ண மூடிக்குங்க, மூணு எண்ணுறேன், திறங்க" என்று சொல்லித் திறந்த மறு நொடி எடுக்க வேண்டும். அந்த ஒரு நொடி கண் அகலமாக, கொஞ்சம் ஆச்சரியமாக இருக்கும்.

சுற்றி என்ன நிறம் இருக்கிறதோ அது முகத்தில் ஏறும், இதைப் புதிதாக எடுக்கிறவர்கள் கவனிப்பதே இல்லை. பச்சை வயலில் வெயில் ஏறிய பிறகு நிறுத்தினால் தாடைக்குக் கீழே பச்சை. நீலத் தார்ப்பாய்க்கு அடியில் நின்றால் காய்ச்சல்காரர் மாதிரி. மாம்பழ நிறப் பட்டு கட்டினால் கழுத்தில் மஞ்சள் காமாலை. பட்டுப் புடவையை முகூர்த்தத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். ஜரிகை பக்கவாட்டு வெயிலில் ஜொலிக்கும், உண்மை. ஆனால் ஜொலிப்பில் முகம் தோற்றுப்போகும். எங்கள் ஊர்க் கூறைநாட்டுப் புடவை பட்டும் பருத்தியும் கலந்தது, அந்த மாதிரி மங்கிய பளபளப்பு போதும். அந்தப் பெண் இரண்டாவதாகக் கட்டியது அவள் அம்மாவின் பழைய பருத்திப் புடவை, துவைத்துத் துவைத்து வெளுத்த அரக்கு நிறம். அன்றைக்கு எடுத்ததில் அதுதான் எனக்குப் பிடித்தது.

இருவரையும் எப்படி நிறுத்துவது என்பதுதான் வெளிச்சத்தைவிடக் கஷ்டம். நிச்சயதார்த்தம் முடிந்து இரண்டு மாதம், போனில் பேசியிருக்கிறார்கள், நேரில் இது மூன்றாவது தடவை. அவர் அவளை "நீங்க" என்கிறார். அவள் அவரை எதுவுமே சொல்லிக் கூப்பிடவில்லை, "இங்க பாருங்க" என்பதோடு சரி. பத்தடி தள்ளி சித்தி. இந்த நிலையில் "தோள் மேல கை போடுங்க சார்" என்றால் கை மரக்கட்டை மாதிரி போய் உட்காரும். நான் தொடச் சொல்வதே இல்லை. வேலை கொடுப்பேன். பாட்டியின் வெற்றிலைச் செல்லத்தை இருவரையும் நடுவில் வைத்துக்கொள்ளச் சொன்னேன், "ஒருத்தர் மடிச்சு இன்னொருத்தருக்குக் கொடுங்க" என்றேன். அவருக்கு மடிக்கத் தெரியவில்லை. அவள் சிரித்துக்கொண்டே காம்பைக் கிள்ளிக் காட்டினாள். இருபது நிமிஷத்தில் நான் எடுத்த முதல் உருப்படியான படம் அது. அதற்கு முன் எடுத்த நாற்பதும் பாஸ்போர்ட் சைஸுக்கு ஆகும்.

இரண்டு பேர் என்பதால் லென்ஸை முழுக்கத் திறந்து எடுக்க ஆசைப்படாதீர்கள். 85 மி.மீ. லென்ஸில் எஃப் 1.8 வைத்தால் பெண்ணின் கண் கூர்மையாக இருக்கும், ஓரடி பின்னால் இருக்கும் மாப்பிள்ளை யாரோ ஒருவர் ஆகிவிடுவார். திறப்பைக் குறைத்து எஃப் 2.8, முடிந்தால் 4. நடக்கவிட்டு எடுத்தால் ஷட்டர் வேகம் 1/250 நொடிக்குக் கீழே வேண்டாம், அசைவில் படம் கலங்கிவிடும்.

பதினொன்றரைக்குச் சுவர் வெளிச்சம் மாறியது, மூட்டை கட்டினோம். மறுநாள் காலை காசு வாங்காமல் இன்னொரு தடவை வருகிறேன் என்றேன், நேரம் தவறியது என் தவறு என்பதால். அவர்கள் கிராமத்திலேயே வைத்துக்கொண்டோம். பார்லர் கிடையாது, கார் கிடையாது. ஆறு மணிக்கு வயல் வரப்பில் நின்றார்கள். சம்பா கதிர் விட்டுப் பால் பிடித்திருந்த நேரம், பனி முழங்கால் உயரத்துக்கு மிதந்தது. சூரியனை அவர்கள் முதுகுக்குப் பின்னால் வைத்து எடுத்தேன், முடி ஓரத்தில் ஒரு கோடு தங்கம். முகத்துக்கு வேட்டி. வேட்டியின் ஒரு முனையை என் பையன் பிடித்தான், மறுமுனையைச் சித்தி தானாகவே வந்து பிடித்துக்கொண்டார். கோபம் ஆறியிருந்தது போல. ஏழரைக்கு முடித்துவிட்டோம், பெண் வீட்டில் பொங்கல் சாப்பிட்டோம்.

மாப்பிள்ளைக்கு ஒரே ஒரு குறை. கடலில் சூரியன் மறையும் படம் வேண்டும் என்று கோவாவில் எடுத்த ஒன்றைப் போனில் வைத்திருந்தார். இதை வருஷத்துக்கு நாலு பேராவது கேட்கிறார்கள். நம்முடையது கிழக்குக் கடற்கரை, இங்கே கடலில் சூரியன் உதிக்கும், மறைவது பின்னால் தென்னந்தோப்பில். ஆனால் அதற்கு ஈடாக இங்கே இரண்டு விஷயம் உண்டு. சூரியன் மறைந்தபின் கால் மணி நேரம், இருபது நிமிஷம், கடலுக்கு மேல் வானம் ரோஜாவும் ஊதாவுமாக இருக்கும். கடலுக்கு முதுகைக் கொடுத்து நின்றால் மேற்கு வானத்து வெளிச்சம் முகத்தில் தடவிவிட்ட மாதிரி விழும். நிழலே கிடையாது. இன்னொன்று நிலா. பௌர்ணமிக்கு முந்தின நாள் பார்த்து வாருங்கள். பௌர்ணமியன்று சூரியன் மறைகிற நேரத்தை ஒட்டித்தான் நிலா எழும், அது வெளிச்சம் கொடுப்பதற்குள் முகம் இருட்டிவிடும். முந்தின நாள் முக்கால் மணி நேரம்போல முன்னதாகவே எழுந்து, சூரியன் மறையும்போது கடலுக்கு மேலே கொஞ்சம் உயரத்தில் நிற்கும். நிலாவும் முகமும் ஒரே அளவு வெளிச்சத்தில் இருக்கும் பத்து நிமிஷம் அதுதான். மாப்பிள்ளைக்கு லீவு இல்லை, அந்தப் படம் எடுக்க முடியவில்லை.

தரங்கம்பாடியைப் பற்றி இன்னொன்று சொல்லியே ஆக வேண்டும், இதில் எனக்குப் பெருமை இல்லை. அதற்கு இரண்டு வருஷம் முன்பு, பனி, வெளிச்சம், அலை எல்லாம் கணக்குப் பார்த்து ஒரு ஜோடியை டிசம்பர் 26 காலையில் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். பெண் சிவப்பு கவுன், கையில் பலூன். கொஞ்ச நேரத்தில் மீனவர் தெருவிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பெண்கள் பால் செம்போடு, பூவோடு. யாரும் எங்களைத் திட்டவில்லை. ஒரு அம்மா மட்டும் பலூனைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். 2004 சுனாமி அந்த ஊரில் எத்தனை வீட்டைக் கொண்டுபோனது என்று மயிலாடுதுறைக்காரனான எனக்குத் தெரியாதா? தெரியும். வெளிச்சத்தின் நாட்காட்டியை மட்டும் பார்த்தேன், ஊரின் நாட்காட்டியைப் பார்க்கவில்லை. பலூனின் காற்றை இறக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஜோடியைக் காரில் ஏற்றிக் கூட்டிவந்துவிட்டேன். இப்போது எந்த ஊருக்குப் போனாலும் முதல் நாளே டீக்கடையில் நாளைக்கு ஊரில் என்ன விசேஷம் என்று கேட்டுவிடுகிறேன். கோயில், பழைய கோட்டை என்றால் அனுமதியும் முன்கூட்டியே. ஸ்டாண்டை விரித்தபின் காவலாளியோடு வாதாடிக்கொண்டிருந்தால் வெளிச்சம் காத்திருக்காது.

அந்தத் தை மாதம் கல்யாணம். முகூர்த்தம் விடியற்காலை என்பதால் நாலு மணிக்கே மண்டபத்துக்குப் போய்விட்டேன். வாசலில் இருபதடி ஃபிளெக்ஸ். என் வரப்புப் படம்தான். ஆனால் வரப்பு இல்லை, பனி இல்லை, கதிர் இல்லை. இருவரையும் கத்தரித்து எடுத்து ஒரு பனிமலைக்கு முன்னால் நிறுத்தியிருந்தார்கள், பக்கத்தில் இரண்டு அன்னம். பெண்ணின் முகத்தைச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தார்கள். முடி ஓரத்துத் தங்கக் கோட்டைக் கத்தரிக்கத் தெரியாமல் வெட்டி எறிந்துவிட்டார்கள்.

நான் அதைப் பார்த்தபடி நிற்கும்போது சித்தி காபியோடு வந்தார். அவரும் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார்.

"யாரு தம்பி இது?" என்றார்.